இரவு வானைப் படமெடுக்க: முதல் ஐம்பதாயிரத்தை எதில் போடுவது?

"எந்தக் கேமரா வாங்கலாம்?" இரவு வானத்தைப் படமெடுக்கும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கல்யாணப் படம் எடுப்பவருக்கும் பறவைப் படம் எடுப்பவருக்கும் அது சரியான கேள்வி. நட்சத்திரங்களை எடுக்கப்போகிறவருக்கு அது மூன்றாவதாக வர வேண்டியது. வானத்தில் எதை எடுக்கப்போகிறோம் என்பது முதலில். அதற்கு எந்த லென்ஸ் என்பது அடுத்து. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, அதற்கும் பின்னால். கடையில் இந்த வரிசையில் யாரும் பேச மாட்டார்கள். கண்ணாடி அலமாரியில் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் வைத்திருப்பது பாடியைத்தானே.

கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பல விதமாகச் செலவழிக்கலாம். புதிய கேமராவை அதோடு வரும் கிட் லென்ஸுடன் வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் ஒரு பாடியும் தனியாக நல்ல லென்ஸும் வாங்கலாம். முழுப் பணத்தையும், ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் பெரிதாக உள்ள ஒரு பழைய ஃபுல் ஃபிரேம் பாடியில் கொட்டலாம். நட்சத்திரங்களோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் வாங்கலாம். எதையுமே வாங்காமல், இருக்கிற செல்போனோடு இருட்டான ஊருக்கு பஸ் ஏறலாம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழைய பாடி, நிறைய ஒளியை உள்ளே விடும் வெளிச்சமான லென்ஸ், அசையாத டிரைபாட், மிச்சப் பணத்தில் பயணம். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கான ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன்.

எதை எடுக்கப்போகிறீர்கள்?

நிலா மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. பௌர்ணமி நிலவுக்கு எஃப் 8 (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), ஐ.எஸ்.ஓ. 100 (ஒளியை உணரும் திறன்), நொடியில் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்தால் படம் வந்துவிடும். சென்னையின் நடுவில், தெருவிளக்குக்குக் கீழே நின்றும் எடுக்கலாம். அதற்கு வேண்டியது நீளமான லென்ஸ். 250 மி.மீ. லென்ஸ் சென்சாரின் மேல் நிலாவை ஏறக்குறைய 2.3 மி.மீ. அகலத்தில் விழச் செய்கிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட வகை) அது 580 பிக்சல் அளவு. வெட்டி எடுத்தால் பார்க்கும்படியான படம். ஒரு யோசனை: பௌர்ணமியைவிட்டு அஷ்டமியில் எடுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் நிழல் நீளமாக விழுவதால் பள்ளங்கள் அப்போதுதான் எழுந்து நிற்கும்.

நட்சத்திரத் தடங்கள் இரண்டாவது வகை. கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, முப்பது நொடிப் படங்களை இடைவிடாமல் இரண்டு மணி நேரம் எடுத்தால் 240 படங்கள். ஸ்டார்ஸ்டேக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அவற்றை அடுக்கினால் நட்சத்திரங்கள் நகர்ந்த வழி கோடுகளாகத் தெரியும். இதற்கு உயர்ந்த லென்ஸ் வேண்டியதில்லை. கிட் லென்ஸ் தாராளம். நகரத்து மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம், ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்துக்கொண்டால் போதும். நம் ஊருக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கும் தடப்படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி முழு வட்டங்கள் இருக்கும். நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் முழு வட்டம் வராது. ஆனால் கேமராவைக் கிழக்கே திருப்பினால் நடுவில் கோடுகள் நேராக எழும், இடப்பக்கத்தவை வடக்கே வளையும், வலப்பக்கத்தவை தெற்கே வளையும். இரண்டு வளைவையும் ஒரே படத்தில் இத்தனை சமமாகப் பிடிக்க பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களால்தான் முடியும். அந்த இரண்டு மணி நேரமும், நெடுநேர வெளிப்பாட்டின் நாய்ஸை, அதாவது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகளை, குறைக்கும் வசதியைக் கேமராவில் அணைத்து வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமரா தனக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். தடம் துண்டு துண்டாக வரும்.

மூன்றாவது, பால்வீதியும் நட்சத்திரக் கூட்டங்களும். பெரும்பாலானோர் மனதில் இருப்பது இதுதான். பணம், லென்ஸ், பயணம் எல்லாம் பொருளாவது இங்கேதான். இனி பேசப்போவது இதை மனதில் வைத்து.

கிட் லென்ஸா, பிரைம் லென்ஸா?

புதிய கேமராவோடு வரும் 18-55 லென்ஸை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் திட்டவில்லை. அது இருட்டில் எவ்வளவு செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்குப் பழைய வாய்பாடு ஒன்று உண்டு: 500-ஐக் குவியத் தூரத்தால் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுக்க வேண்டும், ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் குவியத் தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனன் என்றால் 1.6. இன்றைய 24 மெகாபிக்சல் சென்சார்களுக்கு இந்த வாய்பாடு கொஞ்சம் தாராளமானது. இன்னும் கறாரான சூத்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும்.

கிட் லென்ஸ் 18 மி.மீ.யில்: 500-ஐ 27-ஆல் வகுத்தால் 18 நொடி. ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட 35 மி.மீ. பிரைம் லென்ஸில்: 500-ஐ 52.5-ஆல் வகுத்தால் ஒன்பதரை நொடி. நேரம் பாதியாகிவிட்டதே என்று தோன்றும். இப்போது துளையைப் பாருங்கள். 18 மி.மீ.யில் எஃப் 3.5 என்றால் ஒளி நுழையும் துளையின் குறுக்களவு 5 மி.மீ.யைச் சற்றே தாண்டும். 35 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் வைத்தால் துளை பதினேழரை மி.மீ. பரப்பளவில் இது பதினோரு மடங்குக்கு மேல். நேரம் பாதியானதைக் கழித்தபிறகும், ஒரு நட்சத்திரத்திலிருந்து ஒரு படத்துக்குள் வந்து சேரும் ஒளி ஏறக்குறைய ஆறு மடங்கு. எந்தப் புது பாடியும் இந்த ஆறு மடங்கைத் தராது. லென்ஸுக்குப் பணம் போடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஒரு விலை உண்டு, பரப்பு குறைகிறது. 18 மி.மீ. 66 பாகை அகலத்தைப் பிடிக்கும், 35 மி.மீ. 37 பாகையைத்தான் பிடிக்கும். தை மாதத்து முன்னிரவில் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று பஞ்சாங்க வரிசையிலேயே நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து ஏறி நிற்கும். நாலையும் ஒரே சட்டத்துக்குள் தாராளமாகக் கொண்டுவர 18 மி.மீ. வேண்டும். 35 மி.மீ.யில், தலையில் மிருகசீரிடமும் தோளில் திருவாதிரையும் உள்ள ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவம் மட்டும் அழகாக அடங்கும். 50 மி.மீ.யில் அதே உருவம் சட்டத்தை நிரப்பும்; இடைவாருக்குக் கீழே தொங்கும் வாளில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் ஒரு ரோஸ் நிறத் திட்டாகத் தெரியத் தொடங்கும். கேட்டையைச் செந்நிற நெஞ்சாகவும் மூலத்தை வாலாகவும் கொண்ட விருச்சிகம் 35 மி.மீ.க்குப் பொருத்தம். எனவே வகைக்கு ஒரு லென்ஸ் என்று ஓடத் தேவையில்லை. எது உங்களுக்குப் பிடிக்கும் என்பதைப் பொறுத்து ஒன்று போதும்.

நிலக்காட்சியோடு பால்வீதியின் முழு வளைவையும் எடுக்க வேண்டும் என்பவருக்கு அகலமான லென்ஸ் தேவை. சாம்யாங் நிறுவனத்தின் 14 மி.மீ. எஃப் 2.8, உள்ளே கண்ணாடி உள்ள ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கான 16 மி.மீ. எஃப் 2, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கான 12 மி.மீ. எஃப் 2 ஆகியவை இந்த வட்டாரத்தில் பேர்போனவை. கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய வகைகளே மலிவு, அவற்றையே வாங்குங்கள். நட்சத்திரத்தின் மேல் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் தடுமாறும்; வேலை செய்யாத ஒன்றுக்கு ஏன் காசு கொடுப்பது?

தொடங்குபவருக்கு என் தேர்வு இன்னும் மலிவானது. நிக்கான் வைத்திருந்தால் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (நிக்கானின் ஏபிஎஸ்-சி வகை), கேனன் வைத்திருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8. இரண்டும் செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைப்பவை, பகலில் குழந்தைகளைப் படமெடுக்கவும் உதவுபவை. ஒரு குறை: எஃப் 1.8-இல் முழுதாகத் திறந்தால் படத்தின் மூலைகளில் நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும். எஃப் 2.2 அல்லது 2.5-க்கு மூடினால் பெரும்பகுதி அடங்கிவிடும். அப்படி மூடியபிறகும் அவை கிட் லென்ஸைவிட வெகு தூரம் முன்னால்தான் நிற்கின்றன.

பாடி

லென்ஸைத் தீர்மானித்துவிட்டால் பாடி பற்றிய விவாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

புதிய ஆரம்பநிலைக் கேமரா, உதாரணமாகக் கேனன் 1500டி, உத்தரவாதத்தோடு வருகிறது. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாம். ஆனால் கிட் லென்ஸோடு வாங்கினால் நம் ஐம்பதாயிரத்தின் பெரும்பகுதி போய்விடும், கையில் எஃப் 3.5 மட்டுமே இருக்கும். அதன் பின்திரையும் அசையாது. வானத்தை நோக்கிக் கேமராவைத் தூக்கி வைத்துவிட்டு, மண்ணில் மண்டியிட்டுக் கழுத்தை ஒடித்துத் திரையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது இரவு இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

2013-இல் வந்த நிக்கான் டி5300-ஐ நான் இன்னும் பரிந்துரைப்பதற்கு இந்தத் திரையும் ஒரு காரணம். வெளியே இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல், அக்காலத்துக் கேனன் ஏபிஎஸ்-சி சென்சார்களைவிட இருட்டுப் பகுதிகளில் குறைவான நாய்ஸ், குறிப்பிட்ட இடைவெளியில் தானே படமெடுக்கும் வசதி, மூன்றும் உள்ளே இருக்கின்றன. அதே காலத்துக் கேனன் 700டியிலும் திருப்பும் திரை உண்டு. இடைவெளி வசதி இல்லை. அதற்கு ஒரு கேபிள் ரிமோட் வாங்கி, தொடர் படப்பிடிப்பில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டால் அதே வேலை நடக்கும்.

மிகப் பழையதை மட்டும் தொடாதீர்கள். லைவ் வியூ, அதாவது லென்ஸ் பார்ப்பதை அப்படியே பின்திரையில் காட்டும் வசதி, இல்லாத கேமரா இந்த வேலைக்கு ஆகாது. நிக்கான் டி40, டி3000, கேனன் 400டி ஆகியவை அந்த வகை. மூவாயிரம் நாலாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று யாராவது இழுப்பார்கள். நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்ய முடியாத கேமராவால், இரவு முழுவதும் விழித்திருந்து மங்கலான வட்டங்களைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும்.

மிரர்லெஸ் எப்படி? 2014-இல் வந்த சோனி ஏ6000 இன்று பழைய சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. சிறியது, திரை மேல்நோக்கிச் சாயும், அடாப்டர் போட்டால் தாத்தா காலத்து லென்ஸைக்கூட மாட்டலாம். அதன் 16-50 கிட் லென்ஸ்தான் தொல்லை. ஃபோகஸ் வளையம் மின்சாரத்தால் இயங்குவது. கேமராவை அணைத்தால் லென்ஸ் உள்ளே சுருங்கிவிடும், கஷ்டப்பட்டு வைத்த ஃபோகஸ் போய்விடும். 12 மி.மீ. எஃப் 2 போன்ற கையால் திருப்பும் லென்ஸோடு சேர்த்தால் இந்தக் கேமரா டி5300-க்கு ஈடானது, பையில் பாதி எடை. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் இதை யோசிக்கலாம். பேட்டரிதான் சின்னது, கூட ஒன்றிரண்டு வேண்டும்.

ஃபுல் ஃபிரேமின் கவர்ச்சி உண்மையானது. 36-க்கு 24 மி.மீ. சென்சார் ஏபிஎஸ்-சியைவிடப் பரப்பில் இரண்டேகால் மடங்குக்கு மேல். 2012-இல் வந்த கேனன் 6டியை இரவு வானம் எடுப்பவர்கள் இன்றும் விட மறுக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பணம் பாடியிலேயே தீர்ந்துவிடும். ஏபிஎஸ்-சிக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள் 6டியில் பொருந்தவே பொருந்தாது, எனவே வீட்டில் கிடக்கும் கிட் லென்ஸும் உதவாது. நல்ல லென்ஸ் போட்ட டி5300-ஐ, லென்ஸுக்குக் காசில்லாத 6டியால் வெல்ல முடியாது. ஃபுல் ஃபிரேம் லென்ஸ்கள் ஏற்கெனவே கைவசம் உள்ள கல்யாண வீட்டுப் படக்காரர் ஒருவர் கேட்டால், அவருக்கு என் பதில் தலைகீழாக மாறும். 6டியையே வாங்கச் சொல்வேன்.

டிராக்கரா, அடுக்குவதா?

இணையத்தில் வெளிநாட்டவர் எழுதுவதைப் படித்துவிட்டு முதல் மாதமே டிராக்கர் வாங்கத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். டிராக்கர் என்பது டிரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்து, பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் கேமராவை மெல்லச் சுழற்றும் கருவி. பத்து நொடிக்குப் பதில் ஒன்றிரண்டு நிமிடம் திறந்து வைக்கலாம். கேட்க நன்றாகவே இருக்கிறது.

அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு அருகிலுள்ள வான துருவத்தை நோக்கிச் சரியாக வைக்க வேண்டும். அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நாம் நிற்கும் ஊரின் அட்சரேகைதான். லண்டன்காரருக்கு அது 51 பாகை. தலையை நிமிர்த்தினால் போதும். சென்னைக்கு 13, கொடைக்கானலுக்கு 10, யாழ்ப்பாணத்துக்கு 10-க்கும் கீழே, கன்னியாகுமரிக்கு 8. அந்த உயரத்தில் தென்னந்தோப்போ, மலைச்சரிவோ, பக்கத்து ஊர் வெளிச்சமோ, தூசிப் படலமோ ஏதாவது ஒன்று மறைக்காமல் இருக்காது. இவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது சில டிராக்கர்களின் எதிர்எடைக் கம்பி டிரைபாடின் காலில் இடிக்கும். திசைகாட்டியையும் செல்போனின் சாய்வுமானியையும் வைத்துத் தோராயமாக அமைத்தால் 35 மி.மீ. லென்ஸுக்குப் போதும் என்பது உண்மைதான். ஆனால் 35 மி.மீ. லென்ஸுக்கு டிராக்கர் இல்லாமலே வேறு வழி இருக்கிறது.

அந்த வழி, படங்களை அடுக்குவது. அசையாத டிரைபாடில் ஒன்பது நொடிப் படங்களாகப் பதினாறு எடுங்கள். நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்திச் சராசரி எடுக்கும் மென்பொருளில் போடுங்கள். நாய்ஸ் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும்: பதினாறு படங்களுக்கு நாலில் ஒரு பங்கு. செலவு, மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம். விண்டோஸில் இயங்கும் சீக்வேட்டர் இலவசம். அது வானத்தைத் தனியாகவும் நிலத்தைத் தனியாகவும் கையாளும் என்பதால், முன்னால் நிற்கும் மரமோ கோபுரமோ குழம்பாது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிரில் இருக்கிறது, அதுவும் இலவசம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டுக்கும் படங்களை ரா வடிவில், அதாவது சென்சார் பதிந்த மூலக் கோப்பாக, எடுத்திருப்பது நல்லது.

டிராக்கருக்கு நேரம் வரும். 135 மி.மீ. போன்ற நீளமான லென்ஸில் ஓரியன் நெபுலாவையோ ஆண்ட்ரோமிடா விண்மீன் திரளையோ நெருக்கமாக எடுக்கத் தோன்றினால், அங்கே ஒரு படத்துக்கு இரண்டரை நொடிக்கு மேல் கிடைக்காது, அடுக்குவதற்கு நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது வாங்குங்கள். தொலைநோக்கிக்கும் அதே பதில், இன்னும் ஒரு வருடம் தள்ளி.

ஒளி மாசு ஃபில்டர் விற்பவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில், அந்த ஒரு நிறத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர்களுக்குப் பொருள் இருந்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்கு எல்லா நிறங்களிலும் பரவி வருகிறது, எதை வெட்டுவது? அந்தக் காசை டிரைபாடில் போடுங்கள். டிரைபாடில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தலைப்பகுதி பிளாஸ்டிக் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். காற்றடிக்கும் இடத்தில் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டி, தாழ்வாக நிறுத்துங்கள்.

செல்போன்

கேலி செய்வதற்கில்லை. கூகுள் 2019-இல் பிக்சல் 4 போனில் நட்சத்திரங்களுக்கென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தது. நான்கு நிமிடம் வரை தொடர்ச்சியாக எடுத்துத் தானே அடுக்கிக்கொள்ளும். மேலே நான் விவரித்த அதே அடுக்கும் வேலைதான், போனுக்குள் நடக்கிறது. வேறு பல போன்களிலும் ப்ரோ முறையில் ஷட்டரை முப்பது நொடி வரை திறக்க முடிகிறது. ஒரு சின்ன ஸ்டாண்டில் போனை நிறுத்தி, சில நொடி தாமதித்து எடுக்கும்படி வைத்தால், இருட்டான இடத்தில் பால்வீதி வரும். போன் திரையில் அசத்தும், பெரிதாக்கினால் குழைந்துவிடும். என்றாலும் இரவில் விழித்திருப்பது தனக்குப் பிடிக்கிறதா என்று தெரியாதவர் ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் போனோடு ஒரு முறை போய்வரலாம். குளிர், கொசு, தூக்கம் மூன்றையும் தாண்டி மறுபடியும் போகத் தோன்றினால் கேமரா வாங்குங்கள்.

பழையதை வாங்கும்போது

செகண்ட் ஹேண்ட் என்றதும் எல்லோரும் ஷட்டர் எண்ணிக்கையைத்தான், அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதைத்தான், கேட்கிறார்கள். இந்த வேலைக்கு அதைவிட முக்கியமான இரண்டு சோதனைகள் இருக்கின்றன. இரண்டையும் கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். தூசி நாலைந்து துகள் இருந்தால் பரவாயில்லை. மெல்லிய நரம்புகளாகக் கிளை பிரிந்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில், பீரோவுக்குள் மாதக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது சர்வசாதாரணம். பகல் படத்தில் தெரியவே தெரியாது. இரவில் ஒவ்வொரு பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றியும் பால் சிந்தியது போல ஒரு வளையம் வரும். விலையைக் குறைக்கிறேன் என்று சொல்வார்கள். வேண்டாம்.

பாடிக்கு: மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ. 3200-இல் முப்பது நொடிக்கு ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி நகர்த்திப் பாருங்கள். சிவப்பு, நீலம், பச்சை நிறத்தில் அங்கங்கே புள்ளிகள் எந்த சென்சாரிலும் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கோடு கோடாக இருந்தாலோ, ஒரு மூலை மட்டும் ஊதா நிறத்தில் பளிச்சென்று இருந்தாலோ விட்டுவிடுங்கள். பிறகு லைவ் வியூவைப் போட்டு, கடையின் தூரத்து மூலையில் உள்ள ஒரு சிறு விளக்கைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து பாருங்கள். வளையத்தைத் திருப்பும்போது வெளிச்சப் புள்ளி சுருங்கி, மிகச் சிறிதாகி, மறுபடி விரியத் தொடங்கும். அந்த மிகச் சிறிய நிலையில் வளையம் வழுக்காமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மலைமேல் ஏதாவதொரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து இதையே செய்யப்போகிறீர்கள். செய்தபின் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

வாங்கிய லென்ஸைச் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பீரோவில் வைத்தால் அடுத்து வாங்குபவர் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

மிச்சப் பணம்: இருட்டு

இவ்வளவும் வாங்கியபின் கையில் சில ஆயிரங்கள் மீதி இருக்கும். இருக்க வேண்டும். எஃப் 2 லென்ஸை நகரத்தில் வைத்து ஐ.எஸ்.ஓ. 3200-இல் பத்து நொடி திறந்தால் கிடைப்பது வெளிறிய ஆரஞ்சு வானம். வெளிச்சமான லென்ஸ் நட்சத்திரத்தைச் சேகரிப்பது போலவே தெருவிளக்கையும் சேகரிக்கிறது. வானத்தின் இருட்டை ஜான் போர்ட்டில் 2001-இல் வகுத்த அளவுகோலில் ஒன்று முதல் ஒன்பது வரை குறிப்பார்கள்; ஒன்று மிக இருட்டு. சென்னையின் நடுப்பகுதி எட்டு, ஒன்பது. இணையத்தில் கிடைக்கும் ஒளி மாசு வரைபடங்களில் நாலு அல்லது அதற்குக் கீழே உள்ள இடத்தைத் தேடுங்கள்.

லடாக்கில் உள்ள ஹான்லே 2022-இல் இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரம், காற்றில் ஈரமே இல்லை. கனவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்துக்கு ஜவ்வாது மலை போதும். வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்கு இந்த மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்; 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது, 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இருட்டு ஒரு காரணம். தெற்கு வானம் நன்றாகத் தெரியும் அட்சரேகை இன்னொன்று. அந்தக் காரணம் நமக்கும் பொருந்தும். லண்டன்காரருக்குப் பால்வீதியின் மையம் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும். நமக்கு அது ஏறக்குறைய 50 பாகை உயரம் வரை ஏறுகிறது. வாணியம்பாடியில் ரயிலை விட்டிறங்கி ஆலங்காயம் வழியாக மேலே போகலாம். ஆய்வகத்தின் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு திரியாதீர்கள், அது வேலை நடக்கும் இடம்.

மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பால்வீதி மையம் நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூனில். அப்போது தென்மேற்குப் பருவமழை. மழை பெய்யாத மாவட்டங்களிலும் மேகம் மூடும். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவம். நமக்குத் தெளிந்த வானம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜனவரியில் முன்னிரவில் ஓரியன். பிப்ரவரி நடுவில் மையம் அதிகாலை இரண்டேமுக்கால் மணியளவில் எழுகிறது. ஐந்தரைக்கு முன் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். ஏப்ரல் நடுவில் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பே எழுந்து, அதிகாலை நாலரை மணியளவில் உச்சத்தில் நிற்கும்.

எல்லோரும் அமாவாசைக்கே விடுமுறை எடுக்கிறார்கள். அதிகாலைப் படத்துக்கு அது கட்டாயமில்லை. வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் நிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும், அதன் பின் முழு இருட்டு. முன்னிரவில் நிலா வெளிச்சத்தில் மலையையும் மரத்தையும் எடுத்துவிட்டு, பின்னிரவில் வானத்தை எடுக்கலாம். தேய்பிறைதான் அதிகாலைக்கு எதிரி.

பனிக்காலத்தில் மலைமேல் லென்ஸின் முன்கண்ணாடியில் பனி படியும். ஒரு மணி நேரம் கழித்துப் படம் மங்குகிறது என்றால் ஃபோகஸைத் தொடாதீர்கள், முதலில் கண்ணாடியைப் பாருங்கள். பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டினால் இந்தத் தொல்லை தீரும்.

மலைச்சாலை ஓரத்தில் இரவில் நிற்பதைப் பல இடங்களில் வனத்துறை அனுமதிப்பதில்லை. முதுமலைக்கு அப்பால் பந்திப்பூர் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனமே போகக் கூடாது. தனுஷ்கோடியின் இருட்டு அருமையானது, ஆனால் மாலையிலேயே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் சில பயணங்களுக்கு, மொட்டை மாடியோ திறந்த முற்றமோ உள்ள விடுதியில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். முன்பதிவு செய்யும்போது அறை வசதி, சாப்பாடு பற்றி விசாரிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் வெளி விளக்குகளை அணைப்பீர்களா? பாதுகாப்புக்காக அணைக்க முடியாது என்று சொன்னால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வேறு விடுதி பாருங்கள்.